படம் எடுத்தவரின் படம்

இந்த வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா டீச்சர் சேலையூரிலிருந்து தாம்பரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சேலை. ஒரு பழைய ஜெர்மன் கேமராவை என் மேஜைமேல் வைத்தார்.

"இதுக்குள்ள அவர் இருக்காரான்னு பாருங்க சார்."

அவர் என்றால் தேவசகாயம். டீச்சரின் கணவர், என் போட்டோ பைத்தியத்துக்குக் கூட்டாளி. இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வியாழக்கிழமை வீட்டில் நினைவு ஜெபக்கூட்டம், வைக்க ஒரு படம் இல்லை. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. மற்றவை? கேமரா வைத்திருக்கும் ஆசாமி எந்தப் படத்தில்தான் இருக்கிறான், சொல்லுங்கள்?

இப்போது பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஆகவே நாங்கள் நூறடிச் சுருளாக வாங்குவோம். குளியலறை ஜன்னலில் கம்பளியை மாட்டி, கும்மிருட்டில் தடவித் தடவி வெட்டி, பழைய உருளைகளில் சுற்றிக்கொள்வோம். தேவசகாயம் இரண்டு கைகளையும் விரித்து அளப்பார். நீளமான கைகள்... கேமராவின் எண் முப்பத்தாறில் முடிந்த பிறகும் அவர் பிலிம் ஓடிக்கொண்டிருக்கும்.

டீச்சர் காத்திருக்க, கேமராவில் இருந்த பிலிமை அன்று மத்தியானமே கழுவி, காயவைத்து, பிரிண்ட் போட்டேன்.

எல்லாவற்றிலும் டீச்சர்தான். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில், சர்ச் வாசலில், துணி காயப்போடும் கொடியருகில். படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவர் தேவசகாயம். அதனால் ஒவ்வொரு படத்திலும் டீச்சரின் காலடி வரை அவர் நிழல், முழங்கைகள் விரிந்தபடி. முகம் ஒன்றில்கூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சுருளின் கடைசி நுனியில் இன்னொரு படம் இருந்தது.

கல்லறைத் தோட்டம். வெள்ளைச் சேலையில் டீச்சர். பக்கத்தில் புது மண்மேடு, மரச் சிலுவை. சிலுவையில் தேவசகாயத்தின் பெயர். சாயங்கால வெயில் நேராக டீச்சரின் முகத்தில் விழுகிறது. ஆனால் காலடியில் எடுத்தவரின் நிழல் இல்லை. வெறும் தரை.

"இதை யார் எடுத்தது டீச்சர்?"

"யாருமில்லயே சார். நான் தனியாத்தான் போனேன். கேமரா பீரோவுல இருந்துச்சு. சாவி என்கிட்ட."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பிலிமில் வெளிச்சம் புகும், ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழும் — எல்லாம் தெரியும். ஆனால் வெளிச்சம் புகுந்தால் பெயர் எழுதிய சிலுவையா விழும்? டீச்சர் பயப்படவே இல்லை. படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இதையே பெரிசாப் போட்டுக் குடுங்க. கூட்டத்துக்கு இதை வச்சிடறேன்."

வியாழக்கிழமை போனால், அந்தப் படத்துக்கு மல்லிகை மாலை. உயிரோடிருக்கும் மனுஷி, தன் படத்துக்குத் தானே மாலை போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறார். வந்தவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவே தயங்கினார்கள். நான் மெதுவாகச் சொன்னேன்: "கழட்டிடுங்க டீச்சர். இருக்கறவங்க படத்துக்கு மாலை போடக் கூடாது."

"படத்துல இருக்கறவங்களுக்கு இல்ல சார்" என்றார். "எடுத்தவருக்கு."