மரவள்ளிப் பாட்டுக்கு அட்டென்ஷன்

போன வாரம் என் பேத்தி கூடத்தில் நின்று தன் வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கப்பல் கல்லூரியில் படிக்கிறாள். பாரம்பரியத்தைப் போற்றுவோம், மாற்றத்தை ஏற்போம் என்று அங்கே பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறார்களாம். சூட்டில் கஞ்சி மணம் கிளம்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா தாத்தா?"

"நானும் கப்பல் காலேஜ்லதாம்மா படிச்சேன்."

அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா கடலோரமாக ஒரு கப்பல் பள்ளிக்கூடம் நடந்தது. எனக்குக் கடல் ஆசையெல்லாம் கிடையாது. குளியலறைத் தொட்டியில் தண்ணீர் அலம்பினாலே தலை சுற்றும் ஆசாமி. ஆனால் அப்போது வாலிபத் தமிழர்களை லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றிச் சேதியே இல்லை. சயாமா கடலா என்றால் கடலே மேல் என்று சேர்ந்துவிட்டேன்.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த செட்டிக் கம்பத்திலிருந்து சுப்பிரமணியமும் சேர்ந்தான். எந்தக் காலத்திலோ வந்து, பேச்சில் மலாய்க்கே மாறிவிட்ட தமிழ் வம்சத்தாரின் குடியிருப்பு அது. நெற்றியில் திருநீறு, பெயரில் முருகன், வாயில் மட்டும் மலாய். தமிழில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சாமி பெயரும் பலகாரப் பெயரும்தான். அது போதாதா என்பான்.

சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு. சீருடைக்குப் போடும் கஞ்சியும் மரவள்ளி. மழையில் நனைந்தால் பக்கத்தில் நிற்பவனோடு ஒட்டிக்கொள்வோம். கரையில் மேய்ந்த ஆடு ஒன்று ஒருநாள் என் காலரை மென்றே தீர்த்துவிட்டது. அதைக் குறை சொல்லமாட்டேன், ஊரே பசியில் கிடந்த காலம். அந்த ஆட்டுக்கு எங்கள் ஜப்பானிய ஆசிரியரையும் பிடிக்கும். முன்னே போகச் சொல்லி அவர் "மாஎ!" என்று கத்தினால், நாங்கள் நகர்வதற்குள் அது பதில் கொடுத்துவிடும்.

துடுப்புப் போடுவதுதான் எங்களுக்கு வரவில்லை. அவர் "இச்சி! நி!" என்று எண்ணுவார். பாதிப் பேர் ஒன்றுக்கு இழுப்போம், மீதிப் பேர் இரண்டுக்கு. படகு செக்கு மாடாய்ச் சுற்றும்.

இந்த லட்சணத்தில், சோதித்துப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வந்தார். படகுத்துறையில் இடுப்பு வாளோடு நின்றார். ஆசிரியர் முகம் வெளுத்துவிட்டது. "இன்றைக்கும் சுற்றினால் எல்லோரும் சயாம்" என்று அரைகுறை மலாயில் சொல்லித்தான் எங்களைப் படகில் ஏற்றினார்.

சுற்றினோம். இரண்டாவது சுற்றும் தொடங்கியது. பயம் வந்தால் பாடுகிற சுபாவம் சுப்பிரமணியத்துக்கு. திடீரென்று குரலெடுத்தான்.

"பீபிக் ரெபுஸ் உபி, ஆசாப் சம்பாய் கெ லாவுட்..."

அத்தை மரவள்ளி அவிக்கிறாள், புகை கடல்வரை வருகிறது என்று அர்த்தம். அதற்குமுன் யாரும் பாடாத பாட்டு, அங்கேயே முளைத்தது. ஆனால் அந்த இழுப்புக்கு எங்கள் கைகள் தானாக இழுத்தன. படகு நேரே துறைக்குப் போய் நின்றது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இனி லாகு அபா?" இது என்ன பாட்டு என்று கேட்கிறார்.

"மாத்தி லா கித்தா," என்றான் சுப்பிரமணியம் பல்லிடுக்கில். செத்தோம் நாம்.

முன்னால் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு நான்தான் வாய் திறந்தேன். "லாகு லாமா, துவான்." பழைய பாட்டு, ஐயா. பாட்டுக்கு வயது அரை நாழிகைகூட இல்லை.

"பழையதா!" என்று அவர் நிமிர்ந்தார். குதிகாலைச் சேர்த்து, படகைப் பார்த்து ஆழமாகக் குனிந்து வணங்கினார். முன்னோர் வழக்கத்தை விடக்கூடாது, தினமும் பாடுங்கள் என்று உத்தரவும் போட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து காலையில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே கும்பிட்டதும், விறைப்பாக நின்று அத்தையின் கிழங்கைப் பாடினோம். ஆசிரியரும் கண்கலங்கப் பாடுவார். 'லாவுட்' அவர் வாயில் 'ராவுத்தோ' ஆகிவிடும். மசாலை அரைத்து விற்ற ராவுத்தர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று வேலிக்குமேல் எட்டிப் பார்ப்பார். எங்களில் ஒருவனும் சயாம் போகவில்லை.

சண்டை முடிந்தது, பள்ளிக்கூடமும் போயிற்று. சுப்பிரமணியம் கண்ணை மூடிப் பல வருஷம் ஆகிறது. அந்தப் பாட்டின் கடைசி இரண்டு வரியை அவன் நாளுக்கொன்றாக மாற்றிப் பாடுவான். ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அவன் பிள்ளைகளிடம் கேட்டேன், அப்பா பாடுவாரா என்று வியந்தார்கள். நாங்கள் சுற்றிச்சுற்றி வந்த கடலையும் மண்கொட்டித் தூர்த்தாயிற்று. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.