தனிக்குப் பிறகு வரும் பாட்டு

மிருதங்கத்தின் விளிம்பில் கட்டையை வைத்துச் சிறு கல்லால் ‘டொக், டொக்’ என்று தட்டும் சத்தம்தான் எனக்குக் கர்நாடக சங்கீதத்தின் முதல் அறிமுகம். சுருதி சேர்க்கிறார்கள் என்று யார் கண்டது? மேடையிலேயே வாத்தியத்தை ரிப்பேர் செய்கிறார்களே என்று வியந்தேன். சபையில் பலர் தொடையில் தாளம் போட்டதை, பாவம், கொசு அடிக்கிறார்கள் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். தி. நகரில் அப்பாவுக்குச் சின்ன ஜவுளிக்கடை. அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் அம்மாவும் நானும் மயிலாப்பூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரு சபா வாசலில் ‘மதியக் கச்சேரி, அனுமதி இலவசம்’ என்று பலகை வைத்திருந்தது. “சும்மாதான விடுதாக, என்னன்னுதான் பாப்பமே” என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு நுழைந்தாள். அந்த மார்கழி விடுமுறை முழுக்க மதியங்களில் எங்களுக்கு அதுவே வேலையாகிப் போனது.

அம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. அவள் ஊரில் காவடி எடுக்கும்போது பாடும் காவடிச்சிந்து ஒன்றைக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபின் அவள் முழுதாகக் கேட்டதேயில்லை. “இம்புட்டுப் பேரு பாடுதாகளே, ஒருத்தராவது பாட மாட்டாகளா” என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள். பெரிய பாட்டு ஒன்று முடிந்து, பாடகர் வாயை மூடிக்கொள்ள, மிருதங்கம் மட்டும் தனியாக முழங்கத் தொடங்கும். உடனே பாதிக் கூட்டம் எழுந்து வாசலுக்குப் போகும். ஊர்க் கோயிலில் பூசை முடிகையில் மேளம் முழங்குமல்லவா, அப்படிக் கூட்டத்தை அனுப்பிவைக்க அடிக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். “எந்திரிடி, முடிஞ்சிருச்சு” என்பாள் அம்மா. எழுந்து வந்துவிடுவோம்.

விடுமுறை தீரப்போகும் சமயம், பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, “நம்ம பக்கத்துப் பாட்டெல்லாம் இங்க எடுக்க மாட்டாக போல” என்றாள். பாடகர்கள்மீது எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாளும் மிருதங்கம் தனியாக முழங்கியது. நாங்கள் எழுவதற்குள் பக்கத்து இருக்கை மாமி முந்திக்கொண்டார். “ஏம்மா, இந்தப் பையைச் சித்த பாத்துக்கோயேன். ஒரு வாய் காபி குடிச்சுட்டு வந்துடறேன்” என்று சொல்லிக் கைப்பையை இருக்கையில் வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டார். அடுத்தவர் பையை விட்டுவிட்டு எப்படிப் போவது? அம்மா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். எனக்கோ கொண்டாட்டம். அந்த விரல்கள் ஓடுவதை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. போன கூட்டமெல்லாம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தது. மாமியும் வந்தார். பாடகி மறுபடி பாடத் தொடங்கினார். சின்னச் சின்னப் பாட்டுகள் ஒன்றிரண்டு போனபின், அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவளுடைய சிந்து. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“என்னம்மா ஆச்சு?” என்று பதறினார் மாமி.

“எங்க ஊர்ப் பாட்டும்மா. எந்தக் கச்சேரிலயும் பாடவே இல்ல.”

“பாடாம என்ன? இதெல்லாம் எப்பவும் மிருதங்கத் தனிக்கு அப்புறந்தானே வரும்!”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

இன்று அந்தச் சபா இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். மதியங்களில் பாடிய அந்த இளம்பிள்ளைகளில் பலர் வேறு வேலைகளுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் பாடியதை யாரும் பதிவுசெய்து வைத்ததாகத் தெரியவில்லை. அந்த வழியாக ஆட்டோவில் போகும்போதெல்லாம் அம்மா என் பக்கம் திரும்பி, “நம்ம எந்திரிச்சு வந்த நாள்ளயும் பாடியிருப்பாகளோடி?” என்று கேட்பாள்.

“பாடியிருக்க மாட்டாங்கம்மா” என்று ஒவ்வொரு முறையும் பொய் சொல்கிறேன்.