பதினொரு நீல முடிச்சுகள்

அண்ணன் வீட்டுப் படியேறி உள்ளே காலை வைத்ததும் எதிர்ச் சுவரில் அது தெரியும். பால் நிறப் பருத்தி நூலில், கொக்கி ஊசியால் பின்னிய சுவர்த் தொங்கல். அதைத் தாங்குகிற மூங்கில் கம்பு, வலைக்கு அடையாளக் கொடி கட்டி மிதக்க விடும் கம்பின் முறிந்த பாதி. கீழே குஞ்சங்கள். இடையில் அடுக்கடுக்காக வளைவுகள் இறங்கி வரும். அண்ணன் அதை மீன் செதில் என்பார். மச்சாள், வெருகல் கோயில் மயிலின் தோகை என்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் வடிவாக இருக்கிறது என்பார்கள். பிறகு தலையைச் சரித்துக்கொண்டு, ஏன் நடுவில் ஒடுங்கிப்போய் இருக்கிறது என்று கேட்பார்கள். மேலே ஒரு முழம் அகலத்தில் தொடங்கும் தொங்கல், பாதி வழியில் நாலு விரல் அகலம் குறைந்து, பிறகு மெல்ல மெல்ல விரிந்து பழைய அகலத்துக்கு வருகிறது. இடது ஓரத்தில் சிறிய நீல முடிச்சுகள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பதினொன்று. நான் அங்கே போகும்போதெல்லாம் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

எங்கள் வீட்டில் பேனை பிடித்துப் பிழைக்கிற முதல் ஆள் நான். அப்பா கடற்தொழில் செய்தவர். இருந்த காலம் முழுக்கக் கைநாட்டுத்தான். அண்ணன் ஆறாம் வகுப்போடு படகேறிவிட்டார். அம்மா பள்ளிக்கூடத்துப் படலைக்கு உள்ளே போனது என் பரிசளிப்பு விழாவுக்குத்தான். நான் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் போய், இப்போது சீனன்குடாப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் வேறு வீடு போகும்வரை எல்லோரும் அண்ணன் வீட்டில்தான் இருந்தோம், படித்தவன் என்பதால் அங்கே எனக்கு ஒரு பதவி இருந்தது. மருந்துப் போத்தலில் ஒட்டிய சீட்டிலிருந்து அரசாங்கக் கடிதம் வரை நான் வாசித்துச் சொல்வதுதான் செய்தி. சிங்களத்தில் ஏதும் வந்தால் நான் வேலையால் வரும்வரை மேசையில் அப்படியே கிடக்கும். "தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா அயலுக்கெல்லாம் சொல்லுவார். நான் சொல்வதை யாரும் இன்னொருவரிடம் போய்க் கேட்டுச் சரி பார்த்ததில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி, வெருகலில் வயல் செய்கிற குடும்பம். கலியாணத்துக்குப் பிறகுதான் கடலைக் கிட்ட நின்று பார்த்தவர். பயம் அதிகம். ஆனால் பயந்து ஒதுங்குகிற ஆள் இல்லை, கேட்டுக் கேட்டுத் துளைக்கிற ஆள். வாடைக் காற்று என்றால் என்ன, நீரோட்டம் எந்த மாதம் எங்கே இழுக்கும், எஞ்சின் நின்றால் என்ன செய்வீர்கள் என்று அண்ணன் சோறு தின்னும்போதெல்லாம் கேட்பார்.

"கரையில நிக்கிறவளுக்கு உதெல்லாம் என்னத்துக்கு?" என்பார் அண்ணன் வாயில் சோற்றோடு.

"கரையில நிக்கிறவளுக்குத்தான் வேணும். உங்களுக்கு அங்க கண்ணால தெரியுது. எனக்கு என்ன தெரியுது?"

நான் அந்தக் கதைகளைக் காதில் வாங்கியதில்லை. கடலுக்குப் போகாமல் இருப்பதற்காகத்தானே என்னைப் படிப்பித்தார்கள்.

முன்னறைச் சுவருக்குச் சாந்து பூசி வெள்ளையடித்து முடித்த கையோடு, அது மொட்டையாக இருக்கிறது என்று மச்சாளுக்குப் பட்டது. கொக்கி ஊசி பிடிக்கப் பள்ளிக்கூடத்தில் மனையியல் வகுப்பில் பழகியிருந்தார். டவுனுக்குப் போய் நூல் உருண்டைகள் வாங்கி வந்தார். அண்ணன் கடலுக்குப் போகிற அன்று, மார்கழியின் கடைசியில், முதல் வரிசையைத் தொடங்கினார். வரிசைக்கு எழுபத்திரண்டு கண். வலைக்கும் கண் என்றுதான் சொல்வோம். அண்ணனுக்குப் பகிடி பண்ண அது போதுமாக இருந்தது.

"வலைக்காரன் வீட்டுக்கு வந்து நீயும் வலைதான் பின்னுறாய். உதில என்ன மீன் படும்?"

"உங்களை மாதிரி ஒண்டு ஏற்கெனவே பட்டிட்டுது. விடவும் ஏலாமல் இருக்கு."

அண்ணன் சிரித்துக்கொண்டு, கிழிந்த வலையைப் பொத்துகிற நீல நைலோன் நூலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் பின்னி முடிக்கிற இடத்தில் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போடச் சொன்னார். "வந்து பாப்பன். எந்த நாள் எவ்வளவு பின்னினனி, எந்த நாள் அம்மாவோட கதைச்சுக்கொண்டு இருந்தனி எண்டு எனக்குத் தெரியோணும்." ஐந்து நாளில் வந்துவிடுவேன், பொங்கலுக்கு முதல் நிற்பேன் என்றும் சொன்னார். படகில் அவரோடு இன்னும் இரண்டு பேர்.

ஐந்தாம் நாள் வரவில்லை. ஆறாம் நாள் படகு முதலாளி வயர்லஸில் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. ஏழாம் நாள் பொங்கல். எங்கள் முற்றத்தில் கோலம் போடவில்லை. பக்கத்து வீட்டு மாமி தங்கள் வீட்டில் பொங்கிய புக்கையை ஒரு கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். அது தொடப்படாமல் புளித்தது. நான் லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கும் மீன்பிடி அலுவலகத்துக்குமாக அலைந்தேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்வார், சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்வார். கடற்படைக்கு அறிவித்தாயிற்று, மற்றப் படகுகளுக்கும் சொல்லியாயிற்று, காற்று சரியில்லை. வீட்டுக்கு வந்தால் இரண்டு பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா சோறு காய்ச்சுவதை நிறுத்திவிட்டார். நானும் தேநீரோடு திரிந்தேன்.

மச்சாள் மட்டும் மதியம் கடந்ததும் சுவரோரம் பாயைப் போட்டு இருந்து பின்னினார். பக்கத்து வீட்டு மாமிக்கு அது பொறுக்கவில்லை.

"இந்த நேரத்திலயும் உனக்குச் சோடனை கேக்குதோ பிள்ளை?"

மச்சாள் நிமிரவில்லை. "அவர் வந்து முடிச்சு எண்ணுவார் மாமி. ஒரு நாள் குறைஞ்சாலும் பகிடி பண்ணியே கொண்டுபோடுவார்."

மாமி கொஞ்ச நேரம் அந்தப் பாயின் மறு ஓரத்தில் குந்தியிருந்து நூல் உருண்டையைக் கையில் வைத்து, கேட்கக் கேட்க இளக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் அலுவலகத்தில் அந்த அதிகாரி மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே, தேடப் போன கப்பல் திரும்பிவிட்டது என்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று அவர் சொன்ன விதத்தில் நம்பிக்கை இல்லை. பஸ்ஸில் வரும்போது, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு, இதை எந்தச் சொல்லில் சொல்வது என்று யோசித்தேன். சொல் கிடைக்கவில்லை. படலையில் அம்மா நின்றார். மூன்று நாளாக அவர் ஒரு வாய் சோறு தின்னவில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது.

"என்னவாம் தம்பி?"

"கண்டிட்டினமாம்" என்றேன். என் குரல்தான். "ஒரு கப்பல்காரர் கண்டவையாம். எஞ்சின் பழுதாம். மூண்டு பேரும் சுகமாம். இழுத்துக்கொண்டு வர ரெண்டு மூண்டு நாள் செல்லுமாம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றார். உள்ளே மச்சாள் ஊசியை நிறுத்தியது தெரிந்தது.

"எந்தப் பக்கத்தில கண்டவையாம் தம்பி?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "வடக்கால" என்றேன். "முல்லைத்தீவுப் பக்கம்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றுவிட்டு மறுபடி ஊசியைக் குத்தினார். அம்மா குசினிக்குள் போய் அடுப்பு மூட்டினார். அன்று சோறும் பருப்பும் சொதியும். அம்மா எனக்குப் போட்டு, மச்சாளுக்குப் போட்டு, தானும் தின்றார். நானும் தின்றேன், பசித்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த இரண்டு நாளும் நான் எப்படி நடமாடினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் வராவிட்டால் இந்த இரண்டு பெண்களும் அவரை இரண்டாம் தரம் இழக்கப் போகிறார்கள், அதைச் செய்தது நானாக இருப்பேன். வீட்டில் படித்தவன் ஒருவன். அவன் சொன்னதை நம்பியவர்களுக்கு அவன் செய்தது இது. கண்டதாகச் சொன்ன கப்பலின் பெயரை அம்மா கேட்பாரோ என்று பயந்து, ஒரு பெயரைக்கூட யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் முற்பகல் என் கைபேசிக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. "டேய்" என்றது அண்ணனின் குரல், தொண்டை காய்ந்து போயிருந்தது. "வாழைச்சேனையில நிக்கிறன். எல்லாரும் இருக்கிறம். அம்மாட்டச் சொல்லு." எஞ்சின் உடைந்து, வயர்லஸ் தண்ணீர் பட்டுச் செத்து, மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்து, தெற்கே தெற்கே இழுபட்டுப் போயிருக்கிறார்கள். கடைசியில் வேறொரு படகு கண்டு கட்டியிழுத்துக்கொண்டு போய் வாழைச்சேனைத் துறையில் விட்டிருக்கிறது. நான் கைபேசியை அம்மாவிடம் நீட்டினேன். முல்லைத்தீவு என்று நான் சொன்னதை அன்றும் பிறகும் யாரும் எடுக்கவில்லை, வந்த சந்தோசத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாழைச்சேனையிலிருந்து வாடகை வான் பிடித்து வருகிறவர் மூன்று மணிக்காவது வந்திருக்க வேண்டும். வந்தது ஐந்தரைக்கு. முகம் கறுத்து, உதடு வெடித்து, யாருடையதோ தொளதொள சேட்டோடு இறங்கினார். வழியில் வெருகலில் மாமியார் வீட்டுக்காரர் வானை மறித்து, சோறு தின்னாமல் விட மாட்டோம் என்று பிடித்துவிட்டார்களாம். மச்சாள் பதினொரு நாளும் அழாதவர். அதைக் கேட்டதும்தான் அழுதார்.

"இவ்வளவு நாள் காத்துக்கொண்டிருந்தது காணாதெண்டு, என்ர அம்மாட்டை மீன்குழம்பு திண்டிட்டோ வாறீங்கள்?"

"மீன் இல்லை" என்றார் அண்ணன். "கோழி. மீனைப் பாக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

மறுநாள் அம்மா முற்றத்தில் பானை வைத்தார். பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் எங்கள் வீட்டில் பொங்கல்.

மிச்சத்தை முடிக்க மச்சாளுக்கு இன்னும் ஒரு கிழமை பிடித்தது. கம்பில் கோத்துச் சுவரில் மாட்டியபோதுதான் அந்த ஒடுக்கம் தெரிந்தது. பின்னும்போது மடியில் சுருண்டு கிடந்ததில் அவருக்கே தெரிந்திருக்கவில்லை. நனைத்து, மெத்தையில் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தும் பார்த்தார். காய்ந்து மாட்டியதும் மறுபடி இடுப்பு வைத்துக்கொண்டது.

"நடுவை அவிழ்த்துப் பின்னன் பிள்ளை" என்றார் பக்கத்து வீட்டு மாமி.

"நடுவை மட்டும் அவிழ்க்க ஏலாது மாமி. அடியில இருந்து எல்லாத்தையும் அவிழ்க்கோணும்."

"அவிழ்க்கவேண்டாம்" என்றார் அண்ணன். பகிடி பண்ணுவார் என்று பார்த்திருந்தோம். அவர் பண்ணவில்லை. கிட்டப் போய், முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

வரிசையில் கண் குறைந்திருக்கும், எண்ணுவதில் எங்கோ பிழைத்திருப்பார் என்று நான் நினைத்தேன். ஒரு ஞாயிறு யாருமில்லாத நேரத்தில் கதிரையைப் போட்டு ஏறி, குண்டூசியால் குத்திக் குத்தி எண்ணினேன். மேலே எழுபத்திரண்டு. மிக ஒடுங்கிய இடத்தில் எழுபத்திரண்டு. எங்கும் எழுபத்திரண்டுதான். ஒரு கண்கூடப் பிழைக்கவில்லை. ஐந்தாம் முடிச்சுக்குக் கீழே நூல் இறுகத் தொடங்குகிறது, அவ்வளவுதான். எட்டாம் முடிச்சடியில் ஊசி நுனி நுழைய இடமில்லாமல் இறுகியிருக்கிறது. பிறகு இளகுகிறது.

அந்த இளக்கம் எங்கே தொடங்குகிறது என்று முடிச்சுகளை எண்ணிப் பார்த்தேன். அண்ணனின் அழைப்பு வந்த பதினோராம் நாளில் அல்ல. எட்டாம் முடிச்சுக்கும் ஒன்பதாம் முடிச்சுக்கும் நடுவில். நான் படலையில் நின்று பொய் சொன்ன நாள்.

அதை வைத்துக்கொண்டு திரிய முடியவில்லை. அடுத்த முறை போனபோது மச்சாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலும் இல்லை, யாரும் காணவும் இல்லை, நானாகச் சொன்னது, என்னை நம்பி நீங்கள் கை இளகிப் பின்னியிருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

மச்சாள் துருவலை நிறுத்தவில்லை. "தெரியும் தம்பி."

"எது தெரியும்?"

"வாடைக்கு நீரோட்டம் தெற்கால இழுக்கும். எஞ்சின் நிண்ட போட் முல்லைத்தீவுக்கு எப்பிடிப் போகும்? உங்கட அண்ணன் எத்தினை தரம் சொல்லியிருக்கிறார். நீங்கள் வடக்கால எண்டு சொன்ன உடனேயே விளங்கிட்டுது, இது மீன்பிடிக் கந்தோரில சொன்ன கதை இல்லை எண்டு."

"அப்ப அம்மா?"

"உங்கட அம்மா முப்பது வருசம் கடற்காரனோட வாழ்ந்தவ. அவவுக்குத் தெரியாதோ? நீங்கள் கை கழுவப் போன நேரம் என்னட்டைச் சொன்னவ, பாவம், பொடியன் பொய் சொல்லப் பழகேல்லை, நாங்கள் திண்டால்தான் அவனும் திண்பான் எண்டு."

அப்பா உயிரோடு இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார். கடற்காரன் மகனுக்கு எந்தப் பக்கம் பொய் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

"பிறகேன் மச்சாள் அந்த இடம் விரிஞ்சிருக்கு?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். அதை அவரும் யோசித்திருக்கவில்லை போலிருந்தது.

"தெரியேல்லைத் தம்பி. அண்டைக்கு மூண்டு நாளுக்குப் பிறகு அடுப்பு எரிஞ்சது. உங்கட அம்மா திண்டவ. நீங்கள் ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கித் திண்டனீங்கள். அதைப் பாத்துப்போட்டுத்தான் வந்து இருந்து பின்னினனான்." தேங்காய்ச் சிரட்டையைத் தட்டி உதறினார். "கை அதில கொஞ்சம் ஆறியிருக்கும்."

பல மாதங்களாக நெஞ்சில் கிடந்த ஒன்று அந்தக் குசினி வாசலில் இறங்கிப் போயிற்று. நான் ஏமாற்றிவிட்டதாக நினைத்த இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போதும் அண்ணன் கடலுக்குப் போகிறார். புது வயர்லஸ், நீர் புகாத பெட்டிக்குள். மச்சாள் சாய்மனைக் கதிரைக்கு ஓர் உறை பின்னுகிறார். அதே பால் நிற நூல், ஓரத்தில் அதே நீல முடிச்சு. நேற்று அங்கே போயிருந்தேன். அண்ணன் போய் நாலாம் நாள். மச்சாள் தேநீர் போட உள்ளே போனதும் பாயில் கிடந்த பின்னலை எடுத்து விரித்து, முதல் வரிசையில் சாண் வைத்துப் பார்த்தேன். பிறகு கடைசி வரிசையில் வைத்தேன். பிறகு அதைக் கிடந்தபடியே மடித்து வைத்துவிட்டு, சுவரில் இருந்த பழையதைப் பார்த்துக்கொண்டு தேநீருக்காகக் காத்திருந்தேன். புதியதில் அகலம் சரியாக இருந்தது.