முதல் கையெழுத்து

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் அந்த நாளில் நாங்கள் தமிழர்கள் இரண்டு வீடுகளாக இருந்தோம். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். மற்றதில் மட்டக்களப்புக் கிறிஸ்தவர்கள். ஊரில் எதிரெதிர் இயக்கங்களை ஆதரித்ததால் இங்கே கடையில் கண்டாலும் கதைப்பதில்லை.

மனைவி பிள்ளைகளைக் கூப்பிட நாங்கள் எல்லோரும் கொடுத்த விண்ணப்பங்கள் பதிலில்லாமல் கிடந்தன. எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுங்கள் என்றார் எங்கள் டேனிஷ் ஆசிரியை. சேர்வது எப்படி?

அவருடைய வகுப்பில் பேசுவதற்காக அப்போது ஒரு மொகலாயச் சக்கரவர்த்தியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்த்து நின்ற ராஜபுத்திர அரசர்கள் பலரோடு அவர் உறவு கொண்டாடினார். ஒரு அரசரின் மகளை மணந்தார். அவர்களுடைய நாட்டை அவர்களிடமே விட்டு, தன் படைக்கே தளபதிகளாக்கினார். கோயிலுக்குப் போகிறவர்களிடம் வாங்கிய வரியை நிறுத்தினார். கடைசிவரை பணியாத அரசரும் ஒருவர் இருந்தார். ஆனால் பலர் வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் தேவாலயத்திலிருந்து திரும்பும்வரை காத்திருந்து, சைக்கிளில் போனேன். அந்த வீட்டுக்கு மூத்தவர் கதவைத் திறந்தார். ஊரில் ஆசிரியராக இருந்தவர்.

"கடிதத்தை நீங்கள்தான் எழுதவேணும், அண்ணை. முதல் கையெழுத்தும் உங்கட."

"ஏன், உங்கட ஆக்களுக்கு எழுதத் தெரியாதோ?"

"தெரியும். ஆனா நீங்கள் எழுதினா நல்லாயிருக்கும். உங்கட வீட்டிலேயே கூடுவம். செபம் சொல்லித் தொடங்குங்கோ, நாங்கள் எழும்பி நிப்பம்."

எனக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சக்கரவர்த்தியின் கதையைச் சொன்னேன்.

"அப்ப தோத்த அரசன் நானோ?"

"ஆர் அரசன், ஆர் சக்கரவர்த்தி எண்டு நான் சொல்லேல்லையே, அண்ணை."

அவர் சிரித்து விலகி வழிவிட்டார்.

எங்கள் வீட்டில் அன்று பெரிய சண்டை. "அவங்கட வாசலுக்கோ?" என்று ஒருவர் கடைசிவரை வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். எங்களுக்காக அவர்கள் மரக்கறி மட்டும் சமைத்திருந்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணை எழுதி முதல் கையெழுத்து வைத்த அந்தக் கடிதத்துக்கும் பதில் உடனே வரவில்லை. நெடுநாள் காத்திருந்தோம். ஆனால் காத்திருந்தது ஒன்றாக. கடைசியில் என் மனைவிக்கு அனுமதி வந்தபோது, விமான நிலையத்துக்கு அண்ணைதான் தன் பழைய காரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என் மனைவியிடம் அவரை எப்படி அறிமுகப்படுத்துவது என்று நான் யோசிக்கவில்லை. "என்ர அண்ணை" என்று வாயில் வந்தது.