ஏசிக்கொண்டே எழுதிய டைம்கீப்பர்

சாமித்தம்பி ஐயா மோசம் போய்விட்டார் என்று கண்டக்டர் ஒருவர் போனில் சொன்னபோது, நான் தேற்றாத்தீவில் ஒரு வான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை செய்துகொண்டிருந்தேன். திடுக்கிட்டு எழும்பப் போய் நெற்றியை இடித்துக்கொண்டேன். அந்த வீக்கத்தோடுதான் செத்த வீட்டுக்குப் போனேன். துக்கம் தாங்காமல் தலையை மோதிக்கொண்டேன் என்று நினைத்துச் சிலர் ஆறுதல் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டார். நான் எட்டாம் ஆண்டில் இரண்டு தரம் இருந்தவன். படிப்பு என்னை விட்டாலும் வாத்தியார் விடவில்லை. அந்த அளவில்தான் இந்த எழுத்தும் இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாமித்தம்பி ஐயாவைப் புகழ வேண்டுமானால் ஒருவரைக் கிழிக்காமல் முடியாது.

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற உங்களுக்கெல்லாம் அவர் நேரம் பார்க்கிற மனிதர். என் அண்ணனுடைய பஸ்ஸை ஓட்டிய எனக்கு அவர் எதிரி. ஆட்கள் ஏறட்டும் என்று நான் கொஞ்சம் சுணங்கினால் போதும், தகரத்தில் அடித்துக்கொண்டு வருவார்.

“எடு கா பஸ்ஸ! ஆள் ஏத்த நிக்கிறியா, பொம்பிள பாக்க வந்தியா?”

“உங்கட மணிக்கூட்டக் கழட்டி இந்த எஞ்சினுக்குப் பூட்டுங்க ஐயா. அதுக்குத்தான் நல்ல ஓட்டம்!”

இதுதான் எங்கள் உறவு. இதைவிட மோசமாகவும் ஏசியிருக்கிறேன். அச்சில் வராது.

ஒருநாள் எங்கள் பஸ்ஸின் பின் சீட்டுக்குக் கீழே கஞ்சாப் பொதி பிடிபட்டது. அதை வைத்தது யார் என்பது எனக்கும் அண்ணனுக்கும் தெரியும். “நீ ஏத்துக்க தம்பி. நான் வெளியில நிண்டாத்தானே உன்ன எடுக்கலாம்? மறுகா வந்து பாக்கிறன்” என்று காதுக்குள் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன். வாத்தியார் சரியாகத்தான் என்னை எடை போட்டிருந்தார்.

தூரத்துச் சிறை. சுற்றிலும் சிங்களப் பேச்சு. கடிதம் கொடுக்கும் நாளில் சட்டைப் பொத்தான் எல்லாம் பூட்டி முன்வரிசையில் நிற்பேன். என் பெயர் வராது. பக்கத்தில் படுத்தவரின் மனைவி எழுதும் கடிதத்தைக் கெஞ்சி வாங்கி வாசிப்பேன். அவர்களுடைய ஆடு இரண்டு குட்டி ஈன்றதற்கு நான் அன்று முழுவதும் சந்தோசமாக இருந்தேன்.

நான் எழுதாமல் இல்லை. என் மனைவியும் மகளும் அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தார்கள். என் கடிதங்கள் முன்வாசலைத் தாண்டவில்லை. “அவன் உங்கள வரவும் வேணாம், எழுதவும் வேணாம் எண்டிட்டான்” என்று என் மனைவிக்கு அண்ணன் சொன்னது ஒரு கதை. ஊருக்கும் என் மகளுக்கும் வேறொரு கதை: நான் கத்தாருக்குப் போய்விட்டேனாம்.

சொந்தம் எழுதாதபோது யாருக்கு எழுதுவது? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வேறு விலாசம் ஒன்றுதான். டைம்கீப்பர், பஸ் நிலையம், செங்கலடி. “ஐயா, எனக்கு ஒருவரும் கடிதம் போடுவதில்லை. உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கும். ஏசியாவது எழுதுங்கள்” என்று போட்டேன்.

பதில் வந்தது. இரண்டு பக்கமும் ஏச்சு. “நல்ல வேல. இனி நீ பஸ்ஸ எடுத்துக்கொண்டு ஓட ஏலாது. இருந்து கேள்” என்று தொடங்கி, நான் அவருக்குச் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி எழுதியிருந்தார். கடைசியில், “மிச்சம் அடுத்த கிழம.” அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தேன். அவ்வளவு அழகான ஏச்சை யாரும் எனக்குத் தந்ததில்லை.

அப்புறம் கிழமை தவறாமல் வந்தது. ஒருமுறை கடிதங்களை வாசித்துப் பார்க்கும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். தமிழ்தான், ஆனால் வேறு பக்கத்து ஆள்.

“யார் இந்த மறுகா?”

சாமித்தம்பி ஐயா எழுதியிருந்தது இது: ‘உன்ட அண்ணனக் கேட்டன். மறுகா வருவாராம்.’

“ஐயா, அது ஆளில்லை. எங்கட பக்கத்தில பிறகு எண்டதத்தான் மறுகா எண்டு சொல்லுற.”

“பொய் சொல்லாதே. அண்ணனுடைய பட்டப்பெயரா? எப்ப வருவான்?”

“அவர் ஒருநாளும் வர மாட்டார் ஐயா” என்றேன். அந்த உண்மையை அப்போதுதான் நானே முதன்முதலாகக் கேட்டேன்.

இதை எழுதி அனுப்பினேன். சாமித்தம்பி ஐயாவுக்கு அது போதும். சில நாட்களில் செங்கலடிச் சந்தி ஒலிபெருக்கியில் அவருடைய குரல்: “பயணிகள் கவனத்திற்கு. மறுகா முதலாளியின் பஸ் புறப்படத் தயாராக உள்ளது. முதலாளியின் தம்பி கத்தாரில் இல்லை, சிறையில் இருக்கிறார். கடிதம் போட விரும்புவோர் என்னிடம் விலாசம் பெற்றுக்கொள்ளலாம்.”

தினமும் சொன்னார். அண்ணன் பாய்ந்துகொண்டு போனாராம். “என்ட மானத்த வாங்கிற்றீங்களே!”

“ஓம் கா. மறுகா வந்து எடுத்துக்க.”

அந்த அறிவிப்பைப் பாடசாலைக்குப் போக நின்ற என் மகளும் கேட்டுவிட்டாள். இது தெரிந்தபோது நான் அவருக்கு எழுதிய கடிதத்தில் மரியாதை இல்லை. அவர் பதிலில் முதல்முறையாக ஏசவில்லை. “நீ கோபிக்கிறது சரி. புள்ள அங்க நிண்டத நான் காணல்ல. ஆனா விலாசம் கேட்டு வந்த முதல் ஆள் அவதான்.”

அதே கிழமை மகளின் கடிதமும் வந்தது. “அப்பா, கத்தாரில சரியான வெயில் எண்டு கவலப்பட்டன். நீங்க நிழலுக்குள்ளதான் இருக்கிறீங்களாம்.” கொட்டாப்பெட்டி போன்ற அந்தச் சின்ன அறையில் நான் சிரித்த சிரிப்புக்குக் காவலாளி ஓடி வந்தார். அழுகைக்கு ஒருவரும் வரவில்லை. அது அங்கே வழக்கமான சத்தம். அடுத்த மாதமே மனைவியும் மகளும் அண்ணன் வீட்டை விட்டு வெளியேறி வெல்லாவெளிக்குப் போனார்கள், என் மாமியார் வீட்டுக்கு.

விடுதலையாகிச் சந்தியில் இறங்கியபோது சாமித்தம்பி ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். “லேட்” என்றார். அப்புறம் பிளேன்டீ வாங்கித் தந்தார். அண்ணனை மன்னித்துவிடலாமா என்று கேட்டேன். “மன்னிக்கிறது பெரிய ஆக்கள்ற வேல. நமக்குத் தோதில்ல. நீ மறக்காம இரு, அது போதும்” என்றார்.

செத்த வீட்டில் அண்ணன் வெள்ளை வேட்டியோடு வந்து, “எங்கட குடும்ப நண்பர்” என்று பேசினார். வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் ஐயாவின் படத்தைவிடப் பெரிதாக அண்ணனுடைய பெயர். நேற்றுப் போன் எடுத்தார்.

“தம்பி, மலருக்கு எழுதுறியாம். பழசுகளக் கிளறாத. மறுகா ஆறுதலாக் கதைப்பம்.”

“ஓம் அண்ணன்” என்றேன்.

சாமித்தம்பி ஐயாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவருடைய கோபத்தை. எதிரியாயிருந்தும் என்னைத் தனியே விடாத கோபம் அது. ஆறவிட மாட்டேன்.

அண்ணன், இந்த இடம்வரை வாசித்திருப்பீர்கள். மறுப்பு ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். நீங்கள் எனக்கு எழுதுகிற முதல் கடிதம் அதுவாக இருக்கும்.