பதிவேட்டில் இரண்டு வரிகள்

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அதற்காக மாநகராட்சி அலுவலகம் போனேன். நான் பிறந்தது புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில். கணினியில் இல்லாததால் எழுத்தர் பழைய பதிவேட்டை எடுத்து வந்து, விரலை வைத்துத் தேடினார்.

"யாருக்கு வேணும்? உங்களுக்கா, உங்க தம்பிக்கா?"

எனக்குத் தம்பி இல்லை, நான் ஒரே பிள்ளை என்றேன். அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். அப்பா பெயர், அம்மா பெயர், தேதி எல்லாம் ஒன்றுதான். மேல் வரியில் பெண். கீழ் வரியில் ஆண். இடையில் பத்து நிமிடம்.

பிறந்து இறந்திருக்கும் என்று நினைத்து, இறப்புப் பதிவையும் பார்க்கச் சொன்னேன். அந்த ஆண்டிலும் இல்லை, அடுத்த ஆண்டிலும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டுக்கு எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

"வையம்பட்டியில உங்க அத்தைக்குக் குழந்தை நிக்கல. அப்பாதான் தூக்கிக் குடுத்தாரு."

அத்தை மகன். விடுமுறைக்கு வந்தால் என்னோடு சண்டை போடுபவன். எனக்கு மூன்று மாதம் இளையவன் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு இருபது வயதானபோது, முறைப்பையன்தானே, அவனுக்கே கட்டிவிடலாம் என்று பெரியப்பா பேச்செடுத்தார். அம்மா அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். விவசாயம் செய்கிறவன் என்பதால் வேண்டாம் என்கிறாள் என்றே நான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இப்போது உடம்பெல்லாம் கூசியது.

அவனுக்குப் போன் செய்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். அம்மா சாகறதுக்கு முன்னாடி சொல்லிட்டாங்க."

அத்தை இறந்து ஒன்பது வருடம். ஒன்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, போயிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பெத்தவங்களே சொல்லட்டும் என்று இருந்தேன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். அம்மா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தை, குடிக்க மோர் இருந்தா குடுங்க."

அம்மா எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை.