அரம் போட்ட ரேம்

எங்கள் நைனா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் ஃபிட்டர். உலகத்தில் பொருந்தாத சாமான் என்று எதுவும் கிடையாது, அரத்தால் ராவித் தேய்க்கத் தெரியாத ஆள்தான் உண்டு என்பது அவர் கட்சி. வீட்டுக் கதவு, குக்கர் மூடி, என் சைக்கிள் பெடல் எல்லாமே அவருடைய அரத்திடம் மாட்டி மீண்டவை.

அக்காவுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடப் படிக்க ஆசை. அதற்கான சென்டர் பொன்னேரியில் இருந்தது. "வயசுப் பொண்ணு தனியா ரயில் ஏற வாணாம், ஊட்லயே கத்துக்கோ" என்று நைனா சொல்லிவிட்டார். ஆலை ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் குளித்துவிட்டே வரலாம், அப்படி ஒரு வேகம். படிப்பு ஏறவில்லை என்றால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கல்யாணச் சாப்பாட்டை நினைத்து நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

ரேம் கூட்டினால் சரியாகும் என்று ஆலையில் யாரோ சொல்ல, நைனா சென்னைக்குக் கிளம்பினார். அக்கா பழைய ரேமைக் கழற்றி நீட்டினாள்.

"இதைக் காட்டி இதே மாதிரி வாங்கு நைனா. அடியில ரெண்டு வெட்டு இருக்குது பாரு. வேற ரகம் போட்டா இந்த போர்டு தாங்காது."

"எனக்கே சொல்லித் தர்றியா? மெமரின்னா மெமரிதான்" என்று கையை வீசிக்கொண்டு போனார்.

வாங்கி வந்தது புது ரகம். அதில் ஒரே ஒரு வெட்டு. எப்படி அழுத்தியும் இறங்கவில்லை. நைனா கவலைப்படவில்லை, உற்சாகமாகப் பையிலிருந்து அரத்தை எடுத்தார்.

"இங்க இன்னொரு வெட்டு எடுத்தா உட்காரும் இல்ல?"

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். பிறகு, "உட்காரும் நைனா" என்றாள். டார்ச் லைட்டை எடுத்து அவருக்கு வாகாகப் பிடித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீதானே போர்டு தாங்காதுன்னு..." என்று ஆரம்பித்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

பச்சைத் தூள் உதிர்ந்தது. தங்க நிறப் பற்கள் சில போயின. ரேம் கச்சிதமாக உட்கார்ந்தது. "இன்னா, உட்காந்துச்சா?" என்று என்னைப் பெருமையாகப் பார்த்தபடி சுவிட்சைப் போட்டார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "இன்னாத்த தீயுது அங்க?"

முதலுக்கே மோசம். கம்ப்யூட்டர் அதன்பின் கண் திறக்கவில்லை. நைனா கொஞ்ச நேரம் அரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைபட்டு ஒன்று கெட்டுப்போனதை நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

சில நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர், ஒரு காலையில் தானாகவே சொன்னார்: "பொன்னேரிக்கே போய்க் கத்துக்கினு வா." ஷிஃப்டுக்குப் போகும் வழியில் அவரே சைக்கிளில் ஏற்றி ஸ்டேஷனில் விடவும் ஆரம்பித்தார்.

வீட்டிலேயே சொகுசாகப் படித்தவள் இனி விடியலில் எழுந்து கூட்டத்தில் நசுங்கவேண்டுமே என்று எனக்கு வருத்தம். அவளிடமே சொன்னேன். "ஆமாண்டி, பாவம் நானு" என்று கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். அவ்வளவு பாவப்பட்டவள், நைனா சட்டை மாட்டுவதற்கு முன்பே ஏன் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.